இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு சொகுசுப் படகு

"கப்பல் ஒண்டு வாங்கலாம் எண்டு இருக்கிறன். நீர் வந்து ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்று குணம் அத்தான் தொலைபேசியில் சொன்னபோது, நான் திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து, காய்கிற வடகத்தைக் காக்கைகள் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற ஆணுக்கு எங்கள் வீட்டில் தரப்படும் உச்சபட்சப் பொறுப்பு அது. அதை விட்டுவிட்டு வெளிநாடு போக ஒரு காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தது பிறகுதான்.

வேலையில் இருந்தவரை நான் காப்பீட்டு சர்வேயர். விபத்தில் நசுங்கிய லாரி, பஸ், கார்களைப் பார்த்து, இது இவ்வளவு பெறும், இது பழைய இரும்புக்குத்தான் போகும் என்று எழுதிக் கொடுப்பேன். கடலில் ஓடும் எதையும் மதிப்பிட்டதில்லை. ஒரு முறை காவிரியில் விழுந்த மினி லாரியை மதிப்பிட்டிருக்கிறேன். அத்தானுக்கு அந்த அனுபவம் போதுமானதாக இருந்தது.

குணம் அத்தான் என் அக்கா மங்கையின் கணவர். கோப்பாய்க்காரர். இளவயதில் கனடா விசாவுக்காகத் திருச்சியில் காத்திருந்தார். எங்கள் தெருவில்தான் வாடகைக்கு இருந்தார். விசா வருவதற்குள் என் அக்கா வந்துவிட்டாள். இருவரும் கனடா போய், அங்கே அவர் நீளமான சரக்கு லாரிகளைப் பனியிலும் வெயிலிலும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டியே வாழ்க்கையை ஓட்டினார். பிள்ளைகள் தனித்தனியே போனதும் வீட்டை விற்றுவிட்டுப் போன வருடம் கோப்பாய்க்கே திரும்பிவிட்டார்கள். வீடு விற்ற பணம்தான் இருவருக்கும் மிச்சக் காலத்துக்கு. அந்தப் பணத்தில்தான் இப்போது கப்பல்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, அத்தான் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அக்கா என் தட்டில் இடியப்பத்தை வைத்தாள். மேலே சொதியை ஊற்றினாள். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட அந்தச் சொதிக்காக மட்டுமே இன்னொரு முறை கடல் தாண்டலாம். திருச்சியில் இடியாப்பம் என்றால் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும். இங்கே அதைச் சொன்னால் பாவமாகப் பார்க்கிறார்கள்.

"டேய் சேகர், நீ வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் தாழ்ந்த குரலில். அக்காவின் பேச்சு இப்போது பாதித் திருச்சி, பாதி யாழ்ப்பாணம். என்னைக் கண்டால் திருச்சி மேலே வந்துவிடும். "படகு ஓட்டைன்னு சொல்லு, பெயின்ட் சரியில்லைன்னு சொல்லு, என்னமும் சொல்லு. அது மட்டும் வந்துது, நாங்க திரும்பக் கனடா போயிப் பெரியவன் வீட்டு நிலவறையில படுக்க வேண்டியதுதான். எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. நான் போகமாட்டேன்."

அரை மணி கழித்து, அத்தான் என்னைத் தோட்டம் காட்டக் கூட்டிப் போனார். செம்மண்ணில் வெங்காயம் வரிசை வரிசையாக நின்றது. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, எல்லாப் பக்கமும் கொஞ்சம் தூரம்தான் என்றார். படகை எங்கே நிறுத்துவதாக உத்தேசம் என்றும் கேட்டேன். காரைநகரில் நிறுத்தலாம், மாரி காலத்தில் இங்கே வெங்காயப் பாத்தியைக் கொஞ்சம் ஒதுக்கி ஒரு கொட்டகை போடலாம் என்றார். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிக் காட்டுவது அவர் திட்டம். அதற்காகவே செய்த புதுப் படகாம்: உள்ளே படுக்கையறை, சமையலறை, குளிரூட்டி எல்லாம் உண்டாம். விலையைக் கேட்டேன். சொன்னார். அந்த விலைக்குத் திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம் வாங்கலாம், பாத்திரங்களோடு.

"மச்சான், நல்லது எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். உம்மடை அக்காவுக்கு நீர் சொன்னா வேதவாக்கு" என்றார் அத்தான்.

இரண்டு பேருக்கும் நான் தலையாட்டியிருந்தேன். வேலையில் இருந்தபோதும் லாரிக்காரரும் கம்பெனிக்காரரும் இப்படித்தான் ஆளுக்கொரு காதில் ஓதுவார்கள். அப்போதெல்லாம் நான் தப்பிக்கச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: வண்டியை ஓட்டிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. அதையே சொன்னேன். அத்தான் உடனே படகை விற்கும் முகவரை அழைத்து, நாளைக்கே ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார்.

மறுநாள் பஸ்ஸில் போனோம். கனடாவில் பாதி ஆயுளை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர் இங்கே வாகனம் வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸிலும் சைக்கிளிலும்தான் எல்லாம். எங்கே அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது என்று கேட்பாராம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காரைநகர் பஸ் பிடித்தோம். பாட்டுச் சத்தத்தில் ஜன்னல்கள் நடுங்கின. ஒரு பெண் தன் வாழைக்குலையை என்னைக் கேட்காமலே என் மடியில் வைத்துவிட்டு, நின்றபடி வந்தார். அத்தான் பாட்டுக்கு மேலே கத்தி எனக்குப் படகின் எஞ்சினைப் பற்றி விளக்கினார். பாட்டு முடிந்த ஒரு நொடியில், "அப்ப கப்பலை இண்டைக்கு வாங்கிறதா நாளைக்கு வாங்கிறதா" என்ற அவர் குரல் மட்டும் பஸ் முழுக்கக் கேட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழைக்குலைக்காரப் பெண் தன் பக்கத்தில் நின்றவரிடம், எங்களுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் சொன்னார்: "கப்பல் வாங்கப் போறவை பஸ்ஸிலயோ போகினம்?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள். மடியில் சாப்பாட்டுக் கூடை. கப்பலில் சமையலறை இருந்தாலும் சோறு இருக்குமா என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி, விடியற்காலையிலேயே புட்டு அவித்து எடுத்து வந்திருந்தாள்.

படகைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. வெள்ளை வெளேரென்று, புதுச் செருப்பு மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்ற மீன்பிடிப் படகுகள் எல்லாம் அதனிடமிருந்து சற்று விலகி நிற்பதுபோல இருந்தது. முகவரின் பெயர் நேசன். கழுத்துப்பட்டி கட்டிய, சிரித்த முகம் மாறாத இளைஞர். படகை ஓட்ட அதைச் செய்த பட்டறையிலிருந்தே வந்திருந்தவர் நிமல். தென் கரைக்காரர், தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் சொல்வதை நேசன் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

என் தொழில் முறைப்படி முதலில் நான் படகைச் சுற்றி வர நினைத்தேன். அது தண்ணீரில் நின்றதால் முடியவில்லை. டயரை உதைத்துப் பார்ப்பேன், டயரும் இல்லை. கதவுகளைத் திறந்து மூடினேன். குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது. மெத்தையை அமுக்கினேன், அது மெதுவாக எழுந்தது. நேசன் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அடித்தேன். கரையில் நின்ற நாய் ஒன்று ஓடிப்போனது.

கிளம்பினோம். படகு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. அதைச் சொல்லத்தான் வேண்டும். காற்று நன்றாக இருந்தது. கிழக்கே பனைமரங்கள் சின்னதாகின. அத்தானுக்கு நேசன் ஒரு வெள்ளைத் தொப்பி கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் நிமலின் பக்கத்தில் நின்றார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. ஆள் நிமிர்ந்திருந்தார்.

நிமல் திரும்பி நேசனிடம் நீளமாக ஏதோ சொன்னார். இரண்டு கைகளையும் விரித்து, தண்ணீரைக் காட்டி, தலையைத் தட்டிக்கொண்டு சொன்னார்.

"கப்டன் சொல்லுறார், நல்ல வடிவான கடலாம்" என்றார் நேசன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காதோடு சொன்னாள்: "அப்படிச் சொல்லலைடா. முந்தாநாளும் சொன்னேன், நேத்தும் சொன்னேன், இந்தக் கடலுக்கு இந்தப் படகு ஆகாது, அடி தட்டப்போகுதுங்கறான்."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாலை நேரத்தில் வருகிற சிங்களத் தொடர் ஒன்றை வந்த நாளிலிருந்து விடாமல் பார்த்து வருகிறாளாம். முதலில் புடவைகளுக்காகப் பார்த்தாள். பிறகு யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. அப்படியே மொழி வந்துவிட்டது. அத்தானுக்குத் தெரியாது. தொடர் ஓடும் நேரத்தில் அவர் கிணற்றடியில் இருப்பார்.

அத்தானிடம் உடனே சொல் என்றேன். "நான் சொன்னா, வாங்கக் கூடாதுங்கறதுக்காகச் சொல்றேம்பார். நீ போய்ச் சொல்லு."

போனேன். "அத்தான்" என்றேன். அவர் திரும்பினார். அந்த நேரம் பார்த்து நிமல் சலித்துப்போய் விலகி, அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்திருந்தார். கோயிலில் குழந்தையைக் கையில் வாங்குகிறவர் மாதிரி அதைப் பிடித்திருந்தார்.  "காற்று நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எங்களுக்கு நேர் முன்னால் ஒரு வெள்ளைப் பறவை தெரிந்தது. அழகான பறவை. அது மிதக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது என்பதை நான்தான் முதலில் கவனித்தேன். கடல் நடுவில் ஒரு பறவை எதன்மேல் நிற்கிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் படகும் நின்றுவிட்டது. சத்தமே இல்லை. பழகிய டிரைவர் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்துவதுபோலப் பதமாக நின்றது. பறவை எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி மீன் தேடியது.

நிமல் எஞ்சினை அணைத்தார். சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார்.

"கப்டன் சொல்லுறார், இஞ்சை கொஞ்ச நேரம் நிண்டு இளைப்பாறலாமாம்" என்றார் நேசன்.

இதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய் நிமலின் முன் நின்று, தெளிவான சிங்களத்தில் பேசினாள். அவளுடைய சிங்களம் முழுக்க அந்தத் தொடரில் வரும் பணக்கார மாமியாரிடம் கற்றது. பிறகு எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்: "மகனே, என்னிடம் எதையும் மறைக்காதே. இந்தக் குடும்பம் உன்னை நம்பியிருக்கிறது. உண்மையைச் சொல்." நிமல் தொப்பியைக் கழற்றிவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இந்தப் பக்கம் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். படகின் அடி அதற்குமேல் ஆழம் கேட்கும். ஆழமான துறைமுகத்துக்கென்று செய்த படகு இது. நேசன் தன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

அத்தான் படகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் எப்ப சிங்களம் படிச்சனீர்?"

"நீங்கள் கிணத்துக்குள்ள எவ்வளவு தண்ணி எண்டு பாக்கப் போற நேரத்திலைதான்" என்றாள் அக்கா, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

 நேசன் கரைக்குத் தொலைபேசியில் சொன்னார். மீன்பிடிப் படகு ஒன்று வந்து இழுக்கும், ஆனால் பின்னேரம் காற்றுத் திரும்பித் தண்ணீர் கொஞ்சம் ஏறட்டும் என்றார்களாம். கைக்கெட்டும் தூரத்தில் கரை தெரிந்தது. ஒரு வீட்டுக் கொடியில் காய்கிற துணிகூடத் தெரிந்தது.

அப்போது கடலில் ஒருவர் நடந்து வந்தார். நிஜமாகவே நடந்து வந்தார், இடுப்பளவுத் தண்ணீரில், தோளில் ஒரு நைலான் பையோடு, கடைக்குப் போய்த் திரும்புகிறவர் மாதிரி. பக்கத்தில் வந்ததும் படகில் கையூன்றி நின்றார்.

"என்ன, உடைஞ்சு போச்சோ?"

"இல்லை, சும்மா நிக்கிறம்" என்றார் நேசன்.

"உதிலை ஒருத்தரும் சும்மா நிக்கிறேல்லை" என்றார் அவர். பிறகு, உள்ளே கக்கூசும் இருக்கிறதாமே, பார்க்கலாமா என்று கேட்டார். அக்கா ஏறி வரச் சொன்னாள். அவர் சொட்டச் சொட்ட ஏறி, வெளிர் நிறக் கம்பளத்தில் கால் பதித்து எல்லாவற்றையும் பார்த்தார். நேசனின் சிரித்த முகம் அப்போதுதான் முதன்முறையாக மாறியது. பார்த்து முடித்ததும் வந்தவர் தன் பையைத் திறந்தார். உள்ளே உயிருள்ள நண்டுகள்.

அக்கா அவற்றை வாங்கினாள். இவ்வளவு விலை சொல்கிற சமையலறை வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா, அதுவும் ஓட்டிப் பார்ப்பதில் சேர்த்திதானே என்று என்னைக் கேட்டாள். சர்வேயர் என்ற முறையில் நான் ஆமோதித்தேன். புட்டுக்குத் தொட்டுக்கொள்ள எடுத்து வந்த சாமான்களோடு வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலமும், ஒரு கட்டு முருங்கையிலையும், தேங்காய்ப்பால் பெட்டியும் கூடையிலிருந்து வந்தன. கப்பல் வேண்டாம் என்று சொன்னவள் கப்பலில் சமைக்க எவ்வளவு தயாராக வந்திருக்கிறாள் என்பதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து நண்டுக்குழம்பு வாசனையை எந்தத் தோல் இருக்கையிலிருந்தும் எடுக்க முடியாது. நேசன் ஜன்னல்களைத் திறக்கப் பார்த்தார். குளிரூட்டிய அறை என்பதால் அவை திறப்பதற்காகச் செய்யப்படவில்லை. கடைசியில் அவரும் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஆறு பேரும் புட்டைக் குழைத்து, நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிட்டோம். நிமல் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் அக்காவை மரியாதையோடு பார்த்துக்கொண்டார். அத்தான் சாப்பிட்டபடியே கனடாவில் பனிப்புயலில் லாரியோடு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அக்காவுக்கே அது புதுக்கதை. அப்போது பயப்படுவாள் என்று சொல்லவில்லையாம். இப்போது சொன்னதற்கும் பயந்தாள்.

பின்னேரம் மீன்பிடிப் படகு வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள், அசையவில்லை. அப்புறம் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் குதித்தார். திருச்சியில் மழைக்காலத்தில் டவுன் பஸ் தள்ளியிருக்கிறேன். ஒரு கல்யாண மண்டப விலையுள்ள பொருளைத் தள்ளியது இதுதான் முதல் தடவை. ஏதோ ஒன்று அடியில் கரகரவென்று அரைத்தது, படகு நழுவிக்கொண்டு மிதந்தது.

கரையில் ஈரத்தோடு நிற்கும்போது அத்தான் என்னைக் கேட்டார். "இப்ப சொல்லும் மச்சான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நேசனும் பார்த்தார்.

"படகு நல்ல படகு, அத்தான்" என்றேன். "கடல்தான் சரியில்லை."

அவர் கடலைத் திரும்பிப் பார்த்தார். "கடலை மாத்தேலாதே" என்றார். தொப்பியைக் கழற்றி நேசனிடம் கொடுத்தார்.

அத்தோடு விஷயம் முடிந்தது, அக்கா ஜெயித்தாள் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு நாளும் அத்தான் கப்பல் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். வந்து கதிரையில் உட்கார்ந்தார். நாற்காலியை இங்கே கதிரை என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அந்த நாட்களில் ஒரு கனம் இருந்தது. மத்தியானம் மறுபடி கிணற்றடி. தண்ணீர் காலையில் இருந்த அளவிலேயே இருந்தது என்று எங்களிடம் சொல்லிவிட்டு மறுபடி கதிரை.

அக்கா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவரை எட்டிப் பார்த்தாள். சொதிக்கு வேண்டியதைவிட நிறைய உரித்துவிட்டாள்.

"சேகர், வாங்கட்டும்னு சொல்லிடலாமாடா?" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். பணம் என்னவாகும், நிலவறை என்னவாகும் என்று கேட்டேன்.

"போனாப் போகட்டும். முந்தாநாள் அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு நின்னாரே, அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டேன். கதிரையில இருக்கறது யாருன்னே தெரியலை."

ஒரு சர்வேயரின் வாழ்வில் இதைவிடச் சிக்கலான தருணம் வராது. மதிப்பீட்டை மாற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஆனால் கடல் இன்னும் இடுப்பளவில்தான் இருந்தது. யோசிக்க ஒரு நாள் கொடு என்றேன். அவள் கொடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போய்ச் சொல்லப் புறப்பட்டபோது, அத்தானின் தொலைபேசி அடித்தது. நேசன்.

அடி தட்டியதில் வளைந்த பாகத்தைக் காரைநகரிலேயே மாற்றிவிட்டார்களாம். திருகோணமலையில் ஒரு விடுதிக்காரர் படகைப் பார்க்க ஆசைப்படுகிறாராம்; அங்கே கடல் ஆழம். படகை ரோட்டில்தான் கொண்டுபோக வேண்டும். ஏற்றும் நீள லாரி தயார், அனுமதிகள் தயார், ஆனால் அதை ஓட்டி வந்த டிரைவர், தன் தம்பியின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. இவ்வளவு நீளமான வண்டியை ஓட்டத் தெரிந்த யாரையாவது அண்ணைக்குத் தெரியுமா?

அத்தான் எழுந்துவிட்டார். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அலமாரியைத் திறந்து எதையோ தேடினார். ஊர் திரும்பிய புதிதில், எதற்கென்றே தெரியாமல் இங்கே கனரக வாகன லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். அதற்காக அக்காவிடம் அப்போது திட்டு வாங்கியிருக்கிறார். அதை எடுத்துப் பார்த்து, சட்டையில் துடைத்தார்.

"ஆள் இருக்கு" என்றார்.

மறுநாள் காரைநகரில், பழைய டிரைவர் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்த அத்தான், லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் அங்கே இல்லை. கனடாப் பழக்கம். யாரும் கவனிக்காததுபோல இறங்கிச் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினார். நான் கவனித்தேன். நடுவில் அக்கா, ஓரத்தில் நான். அக்காவின் மடியில் வழக்கம்போலக் கூடை. முன்னால் காரில் நேசன். பின்னால், எங்கள் முதுகுக்கு மேலே, அந்தப் பெரிய வெள்ளைப் படகு. அதன் மேல்தட்டில், குறுக்கே வரும் மின்கம்பிகளைத் தூக்கிவிட ஒரு கவைக்கம்போடு நிமல்.

வாழ்க்கையில் நான் போன கடற்பயணங்களில் ஆகச் சிறந்தது அதுதான். மாட்டு வண்டி வேகத்தில் போனோம். மானிப்பாயில் பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் சைக்கிளில் எங்களை முந்திப் போய், நின்று பார்த்து, மறுபடி முந்தினார்கள். ஒரு வேப்பங்கிளை வழிமறித்தது. அதை வெட்டலாமா கூடாதா என்று வீட்டுக்காரரும் நேசனும் வாதாடி முடிப்பதற்குள் அக்கா எல்லாருக்கும் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்; கடைசியில் வீட்டுக்காரரே கத்தி எடுத்து வந்தார். இன்னொரு வளைவில் ஒரு பெரியவர், உயரமாக ஏதோ அசைந்து வருவதைக் கண்டு, தேர் என்று நினைத்துக் கைகளைக் கூப்பிவிட்டார். படகு என்று தெரிந்ததும் கூப்பிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டார். அத்தான் அவருக்கு ஹாரன் அடித்து மரியாதை செய்தார்.

சாவகச்சேரியில் ஒரு திருப்பம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கடை. நேசன் காரிலிருந்து இறங்கி வந்து, இது முடியாது, வேறு வழி பார்ப்போம் என்றார். அத்தான் கண்ணாடியைப் பார்த்தார், பின்னுக்கு எடுத்தார், முன்னுக்கு விட்டார், மறுபடி பின்னுக்கு. கடைக்காரர் வெளியே தொங்கிய வாழைக்குலையை எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே எடுத்தார். அந்த நீண்ட உடம்பு முழுதும் எங்கேயும் உரசாமல், ஒரு கை அகலம் விட்டு வழுக்கித் திரும்பியது. கடைக்காரர் குலையை மறுபடி வெளியே மாட்டினார்.

"இஞ்சேருங்கோ" என்றாள் அக்கா. அவர் பார்த்தார். அவள் கூடையிலிருந்து உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த ஒரு றோல்ஸ் எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கடித்தார்.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெளுத்த தண்ணீர், நடுவே நாங்கள். படகு ஒரு வழியாகக் கடலின் நடுவில் நிம்மதியாக ஓடியது. வெட்டவெளியில் காற்று வீசி, படகு லேசாக முனகியது. அங்கே ஒரு பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். இளைஞர், தமிழ் தெரியாதவர். அனுமதித் தாள்களைப் பார்த்தார், லாரியைச் சுற்றி வந்தார், மேலே கம்போடு நின்ற நிமலுக்குக் கை அசைத்தார். பிறகு அத்தானின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, படகையே பார்த்தபடி ஏதோ கேட்டார்.

அக்கா மொழிபெயர்த்தாள். "இவ்வளவு காசு குடுத்து வாங்கிறதுக்கு இதிலை அப்பிடி என்ன இருக்கு எண்டு கேக்கிறார்."

அத்தான் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, கண்ணாடியில் தெரிந்த நீண்ட வெள்ளை உடம்பைப் பார்த்தார்.

"ஓட்ட நல்லா இருக்கு எண்டு சொல்லும்" என்றார்.

அக்கா சொன்னாள். பொலிஸ்காரர் தலையாட்டி வழிவிட்டார். அத்தான் கியரை மாற்றினார்.